அனுமதி எகிறிய மாதம்

கட்டட அனுமதிப் பிரிவில் அவளுக்கு 'வீட்டுக்காரி' என்று பெயர். ஊரில் யார் வீடு கட்டினாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் கட்டியாக வேண்டும் என்பதால் யாரோ கிண்டலுக்கு வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. சொந்தமாக ஒரு செங்கல் கூட இல்லாதவளுக்குப் பட்டத்தைப் பாருங்கள்!

அவள் கணவர் கொத்தனார். ஊரில் கட்டட வேலை அடியோடு படுத்த வருஷம் கடல் தாண்டிப் போனவர். இங்கே வேலை எழுந்திரிச்சா மறுநாளே வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருஷங்கள் ஓடின, வேலை எழுந்திருக்கவில்லை.

மாதக் கடைசியில் எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தோம் என்று கூட்டி மேலிடத்துக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பெரிய மனிதர்கள் நாட்டின் பொருளாதாரம் நிமிர்கிறதா, குனிகிறதா என்று சொல்வார்கள். அனுமதி வாங்குகிறவன் நாளைக்கு சிமெண்ட் வாங்குவான், கொத்தனாரைக் கூப்பிடுவான், அப்புறம் கதவு, பெயிண்ட், கட்டில், மெத்தை. அதனால் ஊர் பிழைக்கப்போகிற சேதி முதலில் தெரிவது இங்கேதான் என்பது அவர்கள் கணக்கு. அவள் கணக்கு வேறு. எண் கொஞ்சம் ஏறினாலும் போதும், வீட்டுக்கு வந்து அவர் தலையணையைத் தூக்கி வெயிலில் போடுவாள். அடுத்த மாதம் இறங்கிவிடும். இவளும் தலையணையை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவாள்.

இந்த மாதம் எகிறியது பாருங்கள், மாடிப்படி வரைக்கும் வரிசை. முத்திரை குத்திக் குத்தி அவளுக்குத் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. வீடு கட்டும் வேலை சூடுபிடித்துவிட்டது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். சூடாவது, மண்ணாங்கட்டியாவது! அடுத்த மாதத்திலிருந்து அனுமதிக் கட்டணம் ஏறப்போகிறது. கட்டுகிற எண்ணமே இல்லாதவனும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்வோம் என்று ஓடிவந்தான், அவ்வளவுதான் சங்கதி. முத்திரை விழுந்தால் ஒரு வீடு என்று கணக்கு. கடைக்கால் தோண்டினானா என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. அதிகாரிக்கும் இது தெரியும். தெரிந்து அவர் என்ன செய்வார், கேட்டதைத்தானே அனுப்ப முடியும்.

இவ்வளவு தெரிந்தும் ஆசை விடுகிறதா? சாப்பாட்டு நேரத்தில் புது மனைகள் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தாள். மனைக்கு மனை அனுமதி எண் எழுதிய பலகை பளபளவென்று நின்றது. பலகைக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குப் புல். முனையில் சிமெண்ட் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வியாபாரம் எப்படியண்ணே என்று கேட்டாள்.

"பேப்பர்ல நல்லா நடக்குதாம்மா," என்றார் அவர்.

அலுவலகப் படியேறும்போது போன் வந்தது. கணவர்தான். ஒப்பந்தம் முடிகிறதாம். மேற்கொண்டு ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, கிளம்புகிறாயா என்று நாளைக்குள் சொல்லச் சொல்லிவிட்டார்களாம்.

"நம்ம ஊர்ல வேலை எகிறுதாமே, பேப்பர்ல பாத்தேன். வந்துடவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அரசாங்கமே சொல்கிற எண். காலையில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவர் இருமுவாரே, அந்த இருமல் வேண்டியிருந்தது அவளுக்கு. சட்டையைத் துவைக்கும்போது வாளியின் அடியில் தங்குகிற சிமெண்ட் மண்டி வேண்டியிருந்தது. ஆனால் வேலையில்லாமல் அவர் உட்கார்ந்திருந்த நாட்களையும் அவள் பார்த்தவள். படித்த பேப்பரையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருப்பார். தட்டில் இரண்டாவது முறை சோறு வைக்கப்போனால் கையால் மறைப்பார்.

மனதைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். கட்டணம் ஏறப்போவதை, புல்லை, ஈ ஓட்டும் கடைக்காரரை, எல்லாவற்றையும்.

கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"தெரியும். கூட இருக்கற நம்மூரு எலக்ட்ரீஷியன் போன வாரமே சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுகிட்டா கேட்டீங்க?"

"நீ பொய் சொல்லிக் கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோப்பும் கையுமாக வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள்.

"ஏங்க, இங்க வேலை கொட்டிக் கெடக்குங்க. கொத்தனார் கெடைக்காம அல்லாடுறாங்க."

"நெஜமாவா?"

"பொய்தான். வாங்க."