கொடுத்து வைத்தவர்கள்

அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, அண்ணன், அண்ணி, அம்மா, கதவோரம் சாய்ந்து நின்ற நான். அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் செத்து வெகுகாலம் ஆகிறது. கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்துவிட்டார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தொப்பையைப் பார்த்துவிட்டு வேலையிடத்தில் எல்லோரும் 'முதலாளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனியில் செய்த உடல் பரிசோதனையின் முடிவைக் கேட்க வீட்டு ஆட்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டுச் சும்மா கிடந்ததால் என்னையும் இழுத்து வந்திருந்தான்.

"எதுக்கு எல்லாரையும்? குரூப் போட்டோ எடுக்கப் போறாங்களா?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

டாக்டரம்மா கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, பிரஷர், ஹார்ட் பிரச்சினை இருந்துதா?"

அம்மா முந்திக்கொண்டாள். "யாருக்கும் இல்லீங்க. எங்க வீட்டு ஆம்பளைங்க ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல. எல்லாரும் கொடுத்து வச்சவங்க."

"அப்படின்னா?"

"மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தாங்க. தூக்கத்திலேயே போயிட்டாங்க. என் வீட்டுக்காரர், அவரோட அண்ணன், தம்பி, மூணு பேருமே. யாருக்குக் கிடைக்கும் அந்தச் சாவு?"

இதைச் சொல்லும்போது அம்மாவின் முதுகு நிமிர்ந்துவிடும். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் இப்படித்தான் சொன்னாள். கேட்டவர்களும் பொறாமையாகத் தலையாட்டினார்கள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூணு பேருமா? என்ன வயசு அப்போ?"

"அம்பதைத் தொடல, ஒருத்தரும்."

சொன்ன பிறகுதான் அது அம்மாவின் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்த முதுகு தளர்ந்தது.

"அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்கும்?"

"இதோ, இப்படித்தான்." அண்ணன் தொப்பையைத் தட்டிக் காட்டினான். "பரம்பரைச் சொத்து டாக்டர். பாகப்பிரிவினை இல்லாம முழுசா வந்து சேர்ந்துடுச்சு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு இடுப்புச் சுற்றளவு அதிகம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாமே எல்லையைத் தாண்டியிருக்கு. தனித்தனியாப் பார்த்தா கொஞ்சம்தான். ஆனா நாலும் கூட்டு சேர்ந்திருக்கு. அதுதான் ஆபத்து. குடும்பத்துல மூணு பேர் இந்த வயசுல போயிருக்காங்கன்னா, இன்னும் ஆபத்து."

"லிஃப்ட்ல எட்டுப் பேர்னு எழுதியிருப்போம். பத்துப் பேர் ஏறினாலும் போகும் டாக்டர்."

"எத்தனை நாளைக்குப் போகும்?"

அவன் தொப்பையிலிருந்து கையை எடுத்தான். அவனுக்குத் தெரியாத கணக்கா அது.

டாக்டரம்மா டேப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்களும் வாங்க." சட்டையைத் தூக்கினேன். அளந்து பார்த்துவிட்டு, "தம்பிக்கும் ரத்தம் எடுக்கணும்" என்றார். கொடுத்து வைத்தவர்கள் எங்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்போ இவங்க அப்பா..." அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நோவுலயா போனார்?"

"நான் அவரைப் பார்த்ததில்லம்மா. உறுதியாச் சொல்ல முடியாது. மாரடைப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"கத்தவே இல்லையே."

"சர்க்கரை இருந்தா சில பேருக்கு வலியே தெரியாது. தெரிஞ்சிருந்தாலும், கதவுதான் சாத்தியிருந்துதே."

அம்மா தன் கைகளையே பார்த்தாள். "அன்னைக்கு உள்ள டம்ளர் உருண்ட சத்தம் கேட்டுது. இவனுங்க எந்திரிச்சு ஓடினானுங்க. நான்தான் பிடிச்சு உட்கார வச்சேன். தூங்கற மனுஷனை எழுப்பாதீங்கடான்னு."

அண்ணி அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா தட்டிவிட்டாள்.

"இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். மாத்திரை, நடை, சாப்பாடு. சரி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. அண்ணன் ஏற்கெனவே எழுந்து வெளியே போய்விட்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட உட்கார்ந்தான். அண்ணி குறைத்துப் போட்டாள். தட்டைத் தள்ளினான். "போடுடி. எங்கப்பா ராஜா மாதிரி போனார். அவரை நோயாளி ஆக்கிட்டு வந்திருக்கீங்க எல்லாரும்." வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டான். அண்ணி மாத்திரை அட்டையை நீட்டினாள். "நாளைக்கு" என்று கை கழுவினான்.

படுக்கையறைப் பக்கம் நடந்தபோது நெற்றியில் வியர்வை. வெயில்தான் காரணமா என்று தெரியவில்லை.

"டேய்" என்றாள் அம்மா. "கதவை மட்டும் சாத்தாதடா."

அவன் வாசலில் நின்று திரும்பினான். சிரிக்கத்தான் பார்த்தான், உதடு கோணிக்கொண்டது. "லிஃப்டே கதவு சாத்தினாத்தான் நகரும்மா."

"டேய்!"

நான் எழுந்து ஓடினேன். இந்த முறை யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. என் கை படுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.