இருநூற்று ஐம்பதாவது நாள்

"நீயே கார்டைக் குத்தினே, நீயே எடுத்து அந்தப் பக்கம்…"

"கை மாறிப்போச்சுன்னு எத்தனை தடவைக்கா சொல்றது? நான் என்ன வேணும்னா…"

"…சொருகினே. உன் கை மாறினதுக்கு நான் என்ன பண்ணணும்கிறே? என் கையை வெட்டித் தட்டுல வெச்சுத் தரவா?"

"மெதுவாப் பேசுக்கா. பாப்பா இப்பத்தான் தூங்குது."

"பாப்பாவுக்குத்தான் ஒரு காது கேக்காதே. அந்தக் காதை இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வையி."

சின்னவள் பாப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பெரியவள் கட்டிலின் மேல் கிடந்த இரண்டு சம்பளச் சீட்டுகளில் தன்னுடையதை எடுத்து நான்காக மடித்து, கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். பெரியவளின் புருஷன் இறந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு அவள் கொழுந்தன் வீட்டின் முன்னறையில், ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாக இருந்தாள். கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெண்கள் இருவரும் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தரும் சலவை ஆலையில், ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று விரிப்பு மடிக்கிறார்கள். ஒருத்தி இரண்டு முனையைப் பிடித்தால் மற்றவள் இரண்டு முனை. பத்து வருஷமாக அப்படித்தான் சேர்ந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் போன மாதத்தோடு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அன்று காலையில்தான் சின்னவள் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சீட்டைச் சரிபார்க்க உட்கார்ந்தாள். ஓ.டி. பார்த்த நாளிலெல்லாம் தேதிக்குக் கீழே எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் எழுதி வைப்பது அவள் வழக்கம். கூட்டினால் இருபத்திரண்டு வந்தது. சீட்டில் பதினெட்டு. விடுமுறை நாள் வேலை என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது.

"அக்கா, நாலு மணி நேரத்தை முழுங்கிட்டாங்க. லீவு நாள் டபுள் சம்பளத்தையும் காணோம். உன் சீட்டைக் குடு, பார்ப்போம்."

"என் சீட்டுல என்ன இருக்கும்? நான் என்னைக்கு ஓ.டி. பார்த்தேன்? அஞ்சு மணிக்கு மேல நின்னா முட்டி எனக்குச் சொந்தமில்ல."

"சும்மா குடுக்கா."

பெரியவள் தரவில்லை. பாத்ரூமுக்குப் போனபோது கைக்குட்டையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனாள். சின்னவள் பிரித்துப் பார்த்தாள். ஓ.டி. நான்கு. விடுமுறை நாள் வேலை ஒன்று.

அந்த விடுமுறை நாளில் பெரியவள் வேலைக்கே போகவில்லை. வீட்டில் இருந்தாள். பாப்பாவுக்குக் காதில் சீழ் வைத்து, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. "லீவு நாளுக்கு டபுள் சம்பளம், விடாதே, நீ போ. நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னதும் பெரியவள்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காதில் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டாள். குறை சொல்ல முடியாது.

கோளாறு கார்டில் நடந்தது. ஆலையின் வாசலில் இடது பக்கம் ஒரு பலகை, வலது பக்கம் ஒரு பலகை. காலையில் வருகிறவர்கள் இடது பலகையிலிருந்து தங்கள் கார்டை உருவி, மிஷினில் குத்தி, வலது பலகையில் சொருக வேண்டும். மாலையில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். இந்த இரண்டு பேரின் கார்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். இரண்டிலும் ஒரே வீட்டுப் பேர், ஒரே எழுத்து. யார் முதலில் வாசலை மிதிக்கிறாளோ அவள் இரண்டையும் சேர்த்துக் குத்திவிடுவாள். அது இவர்களுக்குள் பழக்கம். அன்று ஒன்றை மட்டும் குத்த வேண்டும் என்று சின்னவளுக்கு ஞாபகம் இருந்தது. மனசெல்லாம் பிள்ளையின் காதில் இருந்ததால், கை பழக்கப்படி மேலே இருந்த கார்டை உருவியது. மேலே இருப்பது எப்போதும் பெரியவளுடையது. மாலையில் வலது பலகையில் அவர்கள் இடத்தில் ஒரே ஒரு கார்டுதான் இருந்தது. அதைப் பார்க்காமலே குத்திவிட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வந்தாள். வலிக்கிறது என்று அவள் அழுதபோது தைலம் தேய்த்து விட்டதும் பெரியவள்தான்.

"சனிக்கிழமையே சீட்டைப் பார்த்துட்டே. பார்த்துட்டு கமுக்கமா இருந்துட்டே."

"பார்த்தேன். எனக்கும் ஒரு நல்ல காலம் பொறந்துச்சுன்னு நெனச்சேன். தப்பா?"

"நான் நின்னு சம்பாதிச்சது அது!"

"உன் பிள்ளைக்கு நான் ஆயா வேலை பார்த்தேனே, அதுக்கு எந்தச் சீட்டுல கட்டம் போட்டிருக்கு? காட்டு."

சொல்லிவிட்டு, கோபத்தோடு போய்ப் பெட்டியைத் திறந்தாள் பெரியவள். இரண்டாயிரத்து நூறை எண்ணி எடுத்துக் கட்டிலின் மேல் போட்டாள்.

"இந்தா. நாளுக்கு டபுளும் நாலு மணி நேரமும். சல்லிக்காசு பாக்கியில்ல. போதுமா?"

சின்னவள் பணத்தைத் தொடவில்லை. அவளுடைய விரல் தன் சீட்டின் கடைசி வரியில் நின்றது. அந்த வருஷத்தில் வேலைக்கு வந்த நாட்கள்: இருநூற்று நாற்பத்தொன்பது. பெரியவளின் சீட்டில் அதே வரியில் இருநூற்று ஐம்பது. இருநூற்று ஐம்பது நாள் வந்தவர்களைத்தான் ஆலை நிரந்தரமாக்கும். போன மாதத்தோடு அந்தக் கணக்கு வருஷம் முடிந்துவிட்டது. பட்டியல் திங்கட்கிழமை மாலை ஒட்டப்படும். நிரந்தரமானவளுக்கு மருத்துவ அட்டை உண்டு. பிள்ளையின் காது ஆபரேஷன் செலவை அந்த அட்டைதான் ஏற்கும். இன்னும் ஒரு வருஷத்துக்குள் செய்யாவிட்டால் இன்னொரு காதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பட்டியலில் இல்லாதவள் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

"காசு இருக்கட்டும்க்கா. நாள்?"

"நாளை எப்படிடி குடுக்கிறது? முந்தானையில முடிஞ்சா வெச்சிருக்கேன், அவுத்துக் குடுக்க?"

"ஆபீஸ்ல வந்து சொல்லு."

"என்னன்னு? இவ என் கார்டைக் குத்தினான்னா? அடுத்தவங்க கார்டைக் குத்தினா ரெண்டு பேருக்கும் சீட்டைக் கிழிப்போம்னு மிஷினுக்கு மேலேயே செவப்புல எழுதி வெச்சிருக்கான். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. இது போனா எவன் என்னை மேஜைக்கு முன்னால நிறுத்துவான்? உன் வீட்டுக் கட்டில்ல, உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு, ஒரு டம்ளர் காபிக்கு உன் புருஷன் வாயைப் பார்த்துக்கிட்டு…"

"உனக்கு எதுக்குக்கா அந்த அட்டை?" சின்னவள் இடைமறித்தாள். "அட்டையில பிள்ளைங்க பேருன்னு ஒரு வரி இருக்கும். அதுல யார் பேரை எழுதப்போறே?"

சொன்ன கணமே அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

பெரியவள் குனிந்து, கட்டிலில் கிடந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, நான் ஏதோ வாய் தவறி…"

"உனக்குக் கை தவறும், வாய் தவறும். எனக்குத்தான் எதுவும் தவறாது."

மறுநாள் காலை பஸ்ஸில் சின்னவள் பெரியவளின் சாப்பாட்டுப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நிறுத்தம் வரை மன்னிப்புக் கேட்டாள். பெரியவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில், தன் கார்டை மட்டும் உருவிக் குத்திவிட்டு உள்ளே போனாள்.

சின்னவள் கார்டுக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றாள். உள்ளே இருந்தவருக்கு ஆலையில் அரைநாள் என்று பட்டப்பேர். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளத்தை அறுப்பவர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

"சார், லீவு நாள் அன்னிக்கு நான் வந்தேன் சார். ஏழு மணியிலருந்து ஏழு மணி வரைக்கும். சீட்டுல வரலை."

"கார்டு குத்தினியா?"

"குத்தினேன் சார். விழலை போல."

"விழலை போல." அவர் அதை ருசித்துச் சொன்னார். "மாசாமாசம் நாலு பேர் வர்றீங்க. சார், நான் வந்தேன், கார்டு விழலைன்னு. கார்டு விழுந்து, ஆள் வராம இருந்தா, அப்ப மட்டும் ஒருத்தியும் இந்த ஜன்னல் பக்கம் வர்றதில்லையே, அது ஏம்மா?"

சின்னவளின் விரல்களுக்குள் சீட்டின் ஓரம் நைந்தது.

"சார், ஒரு நாள்ல பட்டியல்ல பேர் போகுது. பிள்ளைக்குக் காது ஆபரேஷன் சார்."

அரைநாளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"சூப்பர்வைசர் அன்னிக்கு லீவு. மிஷின்காரங்க சுவருக்கு அந்தாண்ட, ஈர விரிப்பை வண்டியில தள்ளி விடுறதோட சரி. மடிக்கிற மேஜையில… அட, உங்க வீட்டுப் பெரியம்மா வந்திருக்காங்களே! காலை ஏழு, மாலை ஏழு. அவங்களைக் கூப்பிடு. இவளும் என்கூட மேஜையில நின்னான்னு ஒரு கையெழுத்துப் போடட்டும். நாளையும் போட்டுடறேன், ஓ.டி.யும் போட்டுடறேன், டபுளும் போட்டுடறேன். என் கைக்காசா போகுது?"

இவ்வளவு சுலபமாக முடியும் என்று சின்னவள் நினைக்கவே இல்லை. யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு பேருக்குமே நாள் கிடைக்கும். மேஜைக்கு ஓடினாள். போய்ப் பெரியவளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. நானும் இருந்தேன்னு மட்டும் சொல்லு. உன் நாள் உன்கிட்டயே இருக்கும். உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"விடுடி, வர்றேன்."

பெரியவள் வந்தாள். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு முன்னால் நேராக நின்றாள். அரைநாள் ரிஜிஸ்டரைத் திருப்பி, பேனாவை நீட்டினார்.

"என்னம்மா, லீவு நாள் அன்னிக்கு இவ உங்ககூட மேஜையில நின்னாளா?"

"எந்த லீவு நாள் சார்?"

"போன மாசம் ஒரே ஒரு லீவுதானே? நீங்க வந்தீங்களே."

"ஆமா. வந்தேன்." பேனாவை வாங்கவில்லை. "நானூறு விரிப்பு சார். எதிர்ப்பக்கம் பிடிக்க ஆள் இல்லாம, ஒரு முனையை மேஜைக் காலுல கட்டிக்கிட்டு, ஒத்தை ஆளா மடிச்சேன். தோள்பட்டை கழண்டு போச்சு. வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்ச்சும் வலி நிக்கலை."

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை மேஜைக் காலில் கட்டியது, நானூறு, தோள்பட்டை, தைலம். அன்று சாயங்காலம் சின்னவள் அழுதுகொண்டே சொன்னதில் ஒரு வார்த்தை குறையவில்லை.

"அப்ப இவ?"

"நான் பார்க்கலை சார். பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு நீங்களே என்னைக் கேள்வி கேப்பீங்க."

அரைநாள் பேனாவை மூடினார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "சொந்த வீட்டு ஆளே இல்லைங்கறாங்க" என்று ரிஜிஸ்டரை மூடப் போனார்.

சின்னவள் ஜன்னலுக்குள் கையை நீட்டி, மூடப்போன பக்கத்தின் மேல் வைத்தாள். மிஷினுக்கு மேலே சிவப்பில் எழுதியிருந்ததை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெரியவள் பக்கம் திரும்பி, அரைநாளுக்கும் நன்றாகக் கேட்கும்படி, நிதானமாகக் கேட்டாள்:

"அப்ப அன்னிக்கு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வீட்டுல பாப்பா காதுல மருந்து விட்டது யாருக்கா?"