சார்ஜென்ட் செனோவியோ கொடுத்த தண்ணீர்

காற்று மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே இருந்ததால் கல்லறை மண்டபத்தின் இரும்புக் கதவைப் பெலிசாரியோ இழுத்துச் சாத்தினான். கதவு நன்றாகவே சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி மட்டும் அவன் கையோடு வந்துவிட்டது.

"ஊர்ல செத்தவன் கதையெல்லாம் எழுதுற, ஒரு கதவைச் சாத்தத் தெரியல," என்றாள் தியோலிந்தா. தன் தகப்பன் செனோவியோவின் சவப்பெட்டி மேல் புதுப் பின்னல் துணியை விரித்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் பராகுவேயின் அசுன்சியோனில் கல்லறைக் காவல்காரனும் கல்லறையில் இருப்பவர்களும் ஒன்றுதான், எழுப்ப முடியாது. கதவின் சிறு ஜன்னல் கம்பி வழியே கத்திப் பார்த்தான். ஒரு நாய் பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. மூன்று பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். சுவர்கள் அடுப்பாகக் காய்ந்தன.

அவன் வந்தது வெண்கலத் தகடு பதிக்க. வறண்ட சாக்கோ காட்டில் பொலிவியாவோடு நடந்த போருக்குப் போனவர்களின் வாழ்க்கையை நாலு வரியில் எழுதி, முன்னாள் வீரர் சங்கத்துக்காகக் கல்லறைகளில் பதிப்பான். நாளை திறப்பு விழா. 'தாகத்தில் துடித்த தோழன் பெர்மினுக்குத் தன் கடைசித் தண்ணீரைத் தந்தவர் சார்ஜென்ட் செனோவியோ' என்றது தகடு. ஊர் சொல்வதைத்தான் எழுதியிருந்தான். பெர்மின் அவனுடைய அப்பா. சாக்கோவிலிருந்து அவருடைய ஒரு எலும்பு கூடத் திரும்பவில்லை. அப்பா எப்படிச் செத்தார் என்று தியோலிந்தாவிடம் வருஷக்கணக்காகக் கேட்கிறான். அவள் ஒவ்வொரு தடவையும் வெயிலைப் பற்றிப் பேசுவாள்.

இன்றும் கேட்டான். வெயில் ஜாஸ்திதான் என்றாள். பையிலிருந்து தெரெரே பானத்துக்கான இலையும் தண்ணீர்க் குடுவையும் எடுத்து, கொம்புக் குவளையில் இலை மேல் குளிர்ந்த நீர் ஊற்றி நீட்டினாள். அவன் உறிஞ்சி முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் பார்த்து, அவன் எழுதுவது நன்றாயிருக்கிறது, படித்து அழுதேன் என்றாள். பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்த வாய் சட்டென்று நன்றி என்றது. அந்த ஊரில் தெரெரே குவளையைத் திருப்பிக் கொடுக்கையில் நன்றி சொன்னால் 'இனி வேண்டாம்' என்று பொருள், பிறகு யாரும் ஊற்ற மாட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவள் குடுவையை மூடினாள்.

"அது எழுத்துக்குச் சொன்ன நன்றிங்க."

"சொன்னது சொன்னதுதான்."

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு தடித்தது. கம்பியில் முகத்தை வைத்தால் சூடு, எடுத்தால் மூச்சு முட்டியது. அறை இன்னும் சுருங்குவதாக அவனுக்குத் தோன்றியது. பயத்தை மறைக்க எப்போதும் போல வேடிக்கை பேசினான்.

"கடைசித் தண்ணியையே குடுத்தவரோட மகள் நீங்க. உங்களுக்கு ஒரு வாய் குடுக்க மனசு வரலையே."

தியோலிந்தா சிரிக்கவில்லை. தகட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, குவளை நிரம்பி வழிய ஊற்றி, அவன் கையைப் பிடித்து அதில் திணித்தாள்.

"முதல்ல குடி."

குடித்தான். இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை.

"எங்கப்பா எப்படித்தான் செத்தாரு, தியோலிந்தாம்மா?"

"எங்கப்பா குடுக்கல, பெலிசாரியோ. எடுத்துக்கிட்டாரு. உங்கப்பா இடுப்புல இருந்த குடுவையை. அப்ப அவருக்கு உயிர் இருந்துச்சு. எங்கப்பா பேரைச் சொல்லித் தண்ணி கேட்டாராம்."