காயாத தடம்

டைல்ஸ் மேஸ்திரி நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் விழும். கால் என்னவோ காய்ந்துதான் இருக்கும். தரை மட்டும் நனையும், வலது கட்டைவிரல் கொஞ்சம் கோணலாக. அரை மணியில் உலர்ந்துவிடும் என்பதால் யாரும் வேலை கொடுக்காமல் இருந்ததில்லை. துணிக்கடைக்காரி வீட்டுச் சமையலறையில் மட்டும் மூலையில் விழுந்த ஒரு தடம் உலரவே இல்லை. முப்பது வருஷமாகத் துடைத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

மேஸ்திரிக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகன்கள் இருவரும் நடந்த தரை சுக்காகக் காய்ந்திருந்தது. அவர்கள் பையன்களுக்கும் அப்படியே. அவர் செத்ததும் பீடை அவரோடு போயிற்று என்று தெருவே நிம்மதியானது. மகள் காலை யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், அவளுக்கு அதுதானே வேலை. இடது சுண்டுவிரல் பதியும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவு ஈரம். சொன்னாள், கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள்.

அந்த மகளைத் துணிக்கடைக்காரி தன் மகனுக்குக் கட்டிவைத்தாள். முதல் பையனுக்கு ஒன்றுமில்லை. இரண்டாமவன் பத்தாம் மாதம் எழுந்து நின்றான். நான்கு அடி வைத்தான். நான்கும் ஈரத் தடம், நான்கும் பெரிய ஆள் பாதம்.

தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதும் பெண் டாக்டர் மாமியாரிடம் நிதானமாகச் சொன்னார்: "இது அப்பன்கிட்டருந்து பையனுக்குப் போகாதும்மா. பொண்ணுக்குத்தான் போகும், அவகிட்ட அடங்கிக் கெடக்கும். அவ பெக்குற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி."

மாமியாருக்குப் பாதிக் கணக்கெல்லாம் ஏறவில்லை. மருமகளின் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள்.

"எங்க வீட்ல ஒருத்தன் நடந்தும் தரை நனஞ்சதில்ல. நீ கொண்டு வந்தத நீயே கொண்டு போ. பெரியவன் இங்க இருக்கட்டும்."

மருமகள் பெரியவன் கையை விடவில்லை. கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் அவன் கெட்டிக்காரன்.

சின்னவன் தத்தித் தத்திச் சமையலறைக்குப் போய் வாளியைத் தள்ளினான். பழைய தடத்தின்மேல் வலது காலை வைத்து எடுத்தான். மாமியார் குனிந்து பார்த்தாள். இரண்டாவது தடம் விழவில்லை. கோணல் விரல்வரை அதே தடம், புதிதாகப் பளபளத்தது.

"அப்ப இங்கதான் இருந்துருக்கு," என்றாள். பெட்டியை அவளே உள்ளே தூக்கிவந்தாள்.

இப்போது அந்த மூலையில் வாளி இல்லை. சின்னவனுக்குப் பிறக்கும் பையன்கள் தரை நனையாமல் நடப்பார்கள், பெண்கள் அத்தனை பேரும் சுமப்பார்கள் என்று மாமியாரே வருகிறவர்களுக்கு விளக்குகிறாள். பிறகு, வழுக்கும், ஓரமாக வாங்க என்கிறாள்.