டெனர் வரிசையில் ஒரு பெப்பர்மின்ட்

அந்த ஆண்டு வேல்ஸ் மலைப்பக்கத்து எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கீதப் பெருவிழா மே மாதம் நடந்ததா, ஜூனிலா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. கடைசிச் சரணத்தை ஐந்து முறை பாடியதாகச் சிலர் சொல்கிறார்கள். என் நினைவில் நான்குதான். கூரை வேயும் பலகைக்கல்லை வெட்டும் சுரங்கத்து வேலைநிறுத்தம் இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டியிருந்தது என்பது மட்டும் உறுதி.

இத்தெலின் வீட்டு ஜன்னலில், தெருவில் மற்ற ஜன்னல்களைப் போலவே, ஓர் அச்சடித்த அட்டை இருந்தது: 'இந்த வீட்டில் துரோகி இல்லை.' அவன் மனைவி மல்த்தின் அண்ணன் மெய்ரிக் வீட்டில் அட்டை இல்லை. பிப்ரவரியில் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். திரும்பியதோடு நிற்கவில்லை. இத்தெல் பதினோரு வருடம் வெட்டிய பாறைமுகத்தையே கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் பாடுகிற பாட்டில் இனி என் குரல் சேராது என்று இத்தெல் மல்த்திடம் சொல்லியிருந்தான்.

மற்ற ஞாயிறுகளில் அது கஷ்டமில்லை. குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பெருவிழாவில் குரல்படிதான் இடம். ஏழு சபைகளின் கூட்டம். ஆண்களில் மேல்குரல் பாடும் டெனர்கள் எல்லாரும் இடப்பக்க மாடியில். இத்தெல் உட்கார்ந்த பெஞ்சில் மிச்சமிருந்த ஒரே இடத்தில் மெய்ரிக் வந்து உட்கார்ந்தான்.

தொடை உரசியது. புதுக் கோட்டின் அந்துருண்டை வாடை, அதற்கடியில் ஆட்டுக்கொழுப்பு வாடை. மதியம் கறி தின்றிருக்கிறான். காதுமடலின் மடிப்பில் கழுவியும் போகாத நீலத் தூள். என் பாறையின் தூள் என்று இத்தெல் நினைத்தான்.

பின்வரிசை ரோபட் முன்னால் சாய்ந்தான். "ரெண்டு பேரும் ஒரே பெஞ்சா? பாவம்யா பெஞ்சு."

பாட்டு தொடங்கியது. இத்தெல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தான். பாட்டு நடத்துகிறவர் தெற்கிலிருந்து வந்தவர், எங்கள் விவகாரம் தெரியாது. கையைத் தாழ்த்திப் பாட்டை நிறுத்தினார்.

"டெனர்ல ஒருத்தர் வாயே திறக்கல. புத்தகம் பாடாது தம்பி, நீங்கதான் பாடணும்."

எழுநூறு தலைகள் மாடியைப் பார்த்தன. இத்தெல் அசையவில்லை.

கடைசிச் சரணம் வந்தது. அது முடிந்ததும் அவர் கையை உயர்த்தினார், மறுபடி அதே சரணம். சுவர்கள் அதிர்ந்தன. மெய்ரிக்கின் குரல் உச்சத்தில் தனியாக ஏறி, தூசி அடைத்து லேசாகப் பிசிறியது. பன்னிரண்டு வயதில் இருவரும் ஒரே பெஞ்சில் ஸ்வரம் கற்றவர்கள். மூன்றாம் முறைக்குக் கை உயர்ந்தபோது இத்தெலின் உள்ளங்கைக்குள் ஏதோ உருண்டையாக வந்து விழுந்தது. பெப்பர்மின்ட். மெய்ரிக் தலையைத் திருப்பவில்லை. உச்சத்துக்கு முன் எப்போதும் அப்படித்தான் கொடுப்பான். வாங்கிப் பழகிய கை. இத்தெலுக்கு உறைப்பதற்குள் மிட்டாய் நாக்கில் இருந்தது.

தொண்டை திறந்தது. பாடினான்.

இரண்டு குரலும் பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டன. கண்ணில் நீர் முட்டியது. கீழே மூப்பர்களின் இருக்கையில், தெருவையே பட்டினி போட்ட சுரங்கத்து மேற்பார்வையாளரும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இதே நீர்தானா அதுவும் என்று இத்தெலுக்கு அருவருப்பாக இருந்தது. நிறுத்திவிட நினைத்தான். ஆனால் கை மறுபடி உயர்ந்தபோது, இன்னொரு முறை வேண்டும் என்று அவனுக்குள்ளேயே ஏதோ ஏங்கியது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இன்னும் அப்படியேதான் பாடுற, மாப்ள," என்றான் மெய்ரிக், முடிந்ததும்.

வெளியே மதிலோரம் இத்தெல் குனிந்து துப்பினான். துப்ப எதுவும் மிச்சமில்லை, மிட்டாய் கரைந்துபோயிருந்தது.

மல்த்தோடு வீட்டுக்கு நடந்தான். வாசலில் அவள் சொன்னாள்: "உங்க குரல் கேட்டுச்சு. அண்ணன் குரலும் கேட்டுச்சு. எது யாரோடதுன்னு எனக்கே பிரிச்சுப் பாக்க முடியல."

அவள் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். ஜன்னலுக்குப் போய் அட்டையை உருவினான்.

"ஏன் எடுக்கறீங்க?"

"பொய்யி எதுக்குத் தொங்கணும்."

அடுப்பில் போட்டான். வாயில் இன்னும் இனித்தது.

வேலைநிறுத்தம் அடுத்த நவம்பரில் தோற்றது. இத்தெலுக்குச் சுரங்கம் மறுபடி வேலை தரவில்லை. தெற்கே நிலக்கரி வெட்டப் போனான், அங்கே எந்தப் பாட்டுக் குழுவிலும் சேரவில்லை. மல்த் பிள்ளைகளோடு பின்னால் போனாள். ரோபட் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். மெய்ரிக் நாற்பத்தொன்பது வயதில், நுரையீரலில் கல்தூள் சேர்ந்து இறந்தான். அடக்கத்துக்கு மல்த் மட்டும் வந்தாள்.