நீலத்தில் ஆரம்பம்

"பின்பக்கம் ஒரு வெட்டு விட்டா சுலபமா ஏறிடும்மா. பாக்குறவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, வண்டியோடு வந்திருந்தவர் பைக்குள் கைவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டக் கூடாது" என்றாள் மகள்.

குரல் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வந்தவர் எத்தனையோ வீடுகளைப் பார்த்தவர். மறுபேச்சு பேசாமல் கத்தரியை உள்ளே போட்டுவிட்டு, "அப்ப நேரம் பிடிக்கும். தோளைத் தேச்சுத் தேச்சு இளக்கணும்" என்றார்.

"பிடிக்கட்டும்."

அப்பா கட்டிலில் கிடந்தார். விடிகாலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பிக்கு வேலை வேறு ஊரில். விமானத்தில் மூன்று மணிக்குள் வந்துவிடுவான், நாலு மணிக்கு எடுப்பது என்று ஏற்பாடு. அதற்குள் அப்பாவுக்கு அவர் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுவிட வேண்டும் என்று மகள் காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள்.

குச்சி மாமா வந்து அப்பாவின் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். அப்பாவோடு நாற்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் பெயின்ட் அடித்தவர். ஆள் இப்போது இரண்டு பேர் அகலம். பட்டப்பெயர் மட்டும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது.

"கைய விடுப்பா பெரிய மனுஷா" என்று அப்பாவிடம் சொன்னார். "ஏணில நின்னுக்கிட்டு என் தலையில ஒரு வாளி சுண்ணாம்பக் கொட்டின கைதானே இது. இப்ப என்ன பிகு பண்ற."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வலது கை நுழைந்திருந்தது. இடது கைக்கு, குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுவதுபோல, மகள் ஸ்வெட்டர் கைக்குள் தன் கையைவிட்டு அப்பாவின் விரல்களைப் பிடித்து இழுத்தாள். அவை சில்லென்று இருந்தன.

இடது மணிக்கட்டு வெளியே வந்ததும் குச்சி மாமா அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதப் பாரேன். அந்தக் கையில இருக்கிற நீலம் இந்தக் கையில இல்ல. ஒரு வரிசைய அப்படியே விட்டுட்டாரு." பெருமூச்சு விட்டார். "ஒரு சொட்டு மஞ்சள் கூடினாக் கண்டுபிடிக்கிற ஆளு. கடைசில நிறமே மறந்துபோச்சு."

கூடத்திலிருந்து யாரோ, "ஆமா, பாவம், மறதி வந்துடுச்சுன்னு சொன்னாங்க" என்றார்கள்.

மகளுக்கு முகம் சுட்டது. அப்பாவின் விரல்களை விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வெட்டர் ஆரம்பித்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. லேசான பக்கவாதம் வந்து தெளிந்தபின், விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் பின்னல் ஊசியைக் கையில் கொடுத்தார்கள். முதலில் ஒரு மப்ளர், பிறகு இரண்டு குல்லா. அப்புறம் கடையில் ஒரு உல்லன் நூலைப் பார்த்துவிட்டு மனிதர் சொக்கிப்போனார். ஒரே நூல்தான், போகப் போகத் தானாக நிறம் மாறும். நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் நிறம், மறுபடி நீலம். அப்போது அவர் தன் பழைய வீட்டில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நூலை அறையின் சுவரோரம் நீளமாக இழுத்துக் கட்டி, எந்த நிறம் எத்தனை அடி ஓடுகிறது என்று அளந்தார். கட்டம் போட்ட நோட்டில் சின்னச் சின்ன ஜன்னல்கள் வரைந்தார். சாம்பல் நிறச் சுவர், அதில் ஜன்னல்கள் மட்டும் நிறம் மாறும் நூலில். ஒரு வரிசை நீல ஜன்னல், அடுத்த வரிசை பச்சை.

"தானா மாறுதுன்னு விட்டுட்டா ரெண்டு கையும் ரெண்டு மாதிரி போயிடும். ரெண்டு உருண்டையும் ஒரே இடத்துல தொடங்கணும்" என்று அவளுக்கு விளக்கினார். கைகளுக்கென்று இரண்டு உருண்டை தனியாகச் சுற்றி, நோட்டில் எழுதினார்: இரண்டும் நீலத்தில் ஆரம்பம்.

விடுமுறைக்கு வந்திருந்த தம்பி ஊருக்குக் கிளம்பிய காலையில் அப்பா வீட்டில் ஒரே அவசரம். அவனுடையது எல்லோரும் வைத்திருக்கும் கறுப்புப் பெட்டி. போன முறை விமான நிலையத்தில் வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடையாளத்துக்கு ஏதாவது கட்டலாம் என்று அவள் கண்ணில் பட்ட நூல் கூடையிலிருந்து பளிச்சென்ற நீல நூலை இரண்டு கை விரிப்பு நீளத்துக்கு இழுத்து வெட்டினாள். கைப்பிடியில் சுற்றோ சுற்றென்று சுற்றி முடிச்சுப் போட்டாள். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அதை அவள் அன்றே மறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து அப்பா அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

"கண்ணு சரியில்ல போலம்மா. செக் பண்ணு."

அவள் இரண்டு கண்ணையும் சோதித்தாள். நிறச் சோதனையும் செய்தாள். எல்லாம் சரி.

"கண்ணுல ஒரு குறையும் இல்லப்பா. ஏன்?"

அப்பா தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "நீலத்துல ஆரம்பம்னு எழுதி வச்சிருக்கேன். உருண்டை பச்சையில ஆரம்பிக்குது. ரெண்டு நாளாக் கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன். நானே வெட்டி எங்கேயோ போட்டிருக்கேன். ஞாபகமே இல்ல." கொஞ்சம் சிரித்தார். "கண்ணு நல்லா இருக்குன்னா, அப்பத் தலைதான்."

அந்த நொடியில் அவளுக்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. நான்தாம்ப்பா வெட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல்லவில்லை. ஆறு மாதமாக அவள் அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று. லிஃப்ட் கிடையாது, இடுப்பு வலி, ஒருநாள் குழாயை மூட மறந்து கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இரண்டு தடவை அடித்தும் அவர் ஃபோனை எடுக்காவிட்டால் அவள் ஆட்டோ பிடித்து ஓடுவாள். அப்பா மசிவதாக இல்லை. இப்போது தானாக இறங்கி வந்திருந்தார். வாயை மூடிக்கொண்டால் போதும். அவள் மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே அவர் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்தார். கட்டிய மனைவியோடு குடித்தனம் நடத்திய வீடு. ஒவ்வொரு சுவரும் அவர் கைபட்டது. ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு பரணில் ஏறியது. இங்கே வந்தபின் அவர் எதற்கும் அவளிடம் கேட்பார். மாத்திரை போட்டேனா, கதவைச் சாத்தினேனா, இன்றைக்கு என்ன கிழமை. எல்லாம் சரியாகத்தான் செய்திருப்பார், ஆனாலும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். நாளாக ஆக அது சொல்ல முடியாததாகிவிட்டது.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. தம்பி வந்துவிட்டான். யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே வந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதான். அவன் இழுத்து வந்த பெட்டி கட்டிலோரம் நின்றது. கறுப்புப் பெட்டி. கைப்பிடியில் அந்த நூல்.

போன தடவை, நாலு மாதத்துக்கு முன்பு, அவன் வந்தபோதும் அது இருந்தது. கடையிலிருந்து திரும்பியவள் அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, அப்பா கண்ணில் படுவதற்குள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் கைப்பிடி சுவர்ப் பக்கமாகத் தள்ளினாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். இப்போதும் கை பழக்கதோஷத்தில் பெட்டியை நகர்த்தப் போனது.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

"போன தடவ நான் வந்தப்ப அப்பாதான் பெட்டியக் கார்லேருந்து உள்ள எடுத்துட்டு வந்தாரு. வேணாம்னு சொன்னாலும் கேக்கல."

"அப்பாவா?"

"ம். வாசல்ல வச்சு இந்த நூலையே தடவிப் பாத்துக்கிட்டிருந்தாரு. இதை யாருடா கட்டினதுன்னு கேட்டாரு. அக்கா, நான் ஊருக்குப் போன அன்னிக்குன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நல்ல முடிச்சு, அவுக்காதேன்னாரு. அப்புறம்..." தம்பி யோசித்தான். "அக்காகிட்ட இதப் பத்திப் பேசாதன்னாரு. ஏன்னு எனக்குப் புரியல."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி திரும்பிப் போன மறுநாள்தான் அப்பா பரணிலிருந்து ஸ்வெட்டரை இறக்கச் சொன்னார். மாத்திரை போட்டேனா என்று கேட்பதும் அதோடு நின்றது. புது மருந்து வேலை செய்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். ஒரு சாயங்காலம் பின்னிக்கொண்டே, "நம்ம பழைய வீட்ல இப்ப யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை என்றாள். "பால்கனிக்கு என்ன கலர் அடிச்சிருக்காங்க?" தெரியவில்லை என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஊசியைத் தொடர்ந்தார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது மணிக்கட்டில் ஒரு வரிசை நீல ஜன்னல். இடது மணிக்கட்டில் அதே இடத்தில் ஜன்னல்கள் உண்டு. சாம்பல் நூலிலேயே மேடு பள்ளமாகப் பின்னி, விளக்கேற்றாமல் விட்டவை. அடுத்த வரிசை பச்சை, இங்கேயும் பச்சை. பிறகு மஞ்சள், செங்கல் நிறம், நீலம். தோள்வரை ஒரு கண்ணி பிசகவில்லை. அவள் வெட்டியது சரியாக ஒரு வரிசை.

குச்சி மாமா, "அந்த விளிம்ப மடிச்சு விட்டுடலாம்மா. கூடத்துல நாலு பேர் பாப்பாங்க, மறதில பண்ணினதுன்னு பேசுவாங்க" என்று சொல்லி, இடது கையின் ஓரத்தை மடித்தார்.

"மடிக்காதீங்க மாமா. அப்பாவுக்கு மறதி இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளும் இல்ல. நான் இந்த நூல வெட்டினேன். கடையில வந்து கேட்டாரு, அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. அவர் தன் தலை கெட்டுப்போச்சுன்னு நம்பிக்கிட்டு அந்த வீட்டக் குடுத்தாரு. நான் வாங்கிக்கிட்டேன்."

தம்பி அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரத்தான் செய்தது. ஆனால் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். குச்சி மாமா மடித்த ஓரத்தை மெல்லப் பிரித்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டி நேராக்கினார்.

வாசலில் வண்டியின் டிரைவர் ஹாரன் அடித்தார். நாலு மணி ஆகியிருந்தது.

"இது அப்பாவோட நூல்" என்று அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, கைப்பிடியில் இருந்த முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். ஒன்றரை வருடத்து முடிச்சு. எத்தனையோ கைகள் பட்டு இறுகி, கல்லாகியிருந்தது. நகம் வழுக்கியது. மறுபடி ஹாரன்.

வண்டியோடு வந்தவர் பைக்குள் கைவிட்டார். "கத்தரி தரட்டுமாம்மா?"

"வேணாம்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. தம்பி மட்டும் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, பெட்டி ஆடாமல் இருக்க அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் கழித்து ஒரு சுற்று இளகியது. வெளியே கறுத்துக் கிடந்த நூல், அதற்கு அடியில் நீலமாகத்தான் இருந்தது.