மச்சான் நிரப்பிய கேன்

சிறுநீரகக் கல் இறங்கிய அன்று ஹாய்ட் டிண்டால் போட்ட கூச்சல் மூன்று சோயா வயல் தாண்டிக் கேட்டது. ஒருவழியாக வெளியே வந்த கல்லோ கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. "இத்துனூண்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி வில்லடீன். மூன்று பிள்ளை பெற்றவள் கேட்கிற கேள்வி அது.

தினமும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் பீல் சொல்லி அனுப்பினார். ஹாய்ட் அட்சரம் பிசகாமல் குடித்தார், ஐஸ் டீயாக. வட கரோலினாவில் குடிக்கிறது என்றால் டீதான். தண்ணீர் குளிப்பதற்கும் நாய்க்கு வைப்பதற்கும். கல் கால்சியத்தால் ஆனது என்று எங்கேயோ கேட்டுவிட்டு, பாலையும் தயிரையும் தாமாகவே நிறுத்தினார். உப்பில் ஊறவைத்த பன்றித்தொடை மட்டும் காலைத் தட்டில் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பு எழுதியவரும் அவர்தான்.

ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்தால், இரண்டு புதுக் கற்கள்.

"நான் சொன்னபடி குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு குறையல டாக்டர். மூணு லிட்டர் டீ."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொன்னது தண்ணியை!"

"தண்ணின்னு நீங்க சொல்லவே இல்லையே."

டாக்டர் இந்தத் தடவை எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னார். டீயில் ஆக்சலேட் என்று ஒன்று இருக்கிறது, அது கால்சியத்தோடு கூடித்தான் கல்லாகிறது. சாப்பாட்டோடு பால், தயிர் சேர்த்தால் அந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே மடக்கி வெளியே தள்ளிவிடும். பாலை நிறுத்தியது தப்பு. உப்பும் தப்பு. கடைசியில் ஒரு பெரிய ஆரஞ்சு நிற கேனைக் கையில் கொடுத்தார். "ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரை இதுல பிடிச்சுக் கொண்டு வாங்க. ஆக்சலேட் ஏறியிருந்தா டீயைத் தலைமுழுகிட வேண்டியதுதான்."

ஹாய்ட் கேனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வில்லடீன் டீ என்றால் சும்மாவா? சர்ச் விருந்தில் முப்பது வருடமாக வேறு யாரும் டீ போட்டதில்லை. அவள் கையால் வாங்கிய முதல் டம்ளர் காலியாவதற்குள் கல்யாணத்துக்குக் கேட்டவர் அவர். இப்போது 'எனக்கு வேண்டாம்' என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் வில்லடீனின் தம்பி ராண்டல் ஞாபகம் வந்தது. ராண்டல் ஆரோக்கியப் பைத்தியம். காலையில் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் அரைத்துக் குடிப்பான், சட்டைப்பையில் எந்நேரமும் பாதாம் வைத்திருப்பான், வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வான். அடுத்தவர் தட்டைப் பார்த்து உச்சுக்கொட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"மச்சான், ஒரு உதவி" என்று கேனை நீட்டினார்.

ராண்டல் பூரித்துப் போனான். "குடுங்க அத்தான். என்னுது ஊத்துத் தண்ணி மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டை டாக்டர் ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டி வைப்பாரு பாருங்க."

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் ஹாய்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு ஆக்சலேட்டைப் பார்த்ததில்ல. தினமும் பசலைக்கீரை, பாதாம், பீட்ரூட்டுன்னு தின்னுறீங்களா?"

பிறந்ததிலிருந்து பசலைக்கீரையைத் தொட்டறியாத ஹாய்ட், "ஏதோ கொஞ்சம்" என்றார்.

அந்தக் காகிதத்தை மடித்துத் தம் பைபிளுக்குள் ஒளித்தார். ராண்டலிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் ரோஷப்பட்டு அக்காவிடம் ஓடுவான், கேன் விஷயம் வெளியாகும், டீ போய்விடும். இவர் சர்ச்சில் பாஸ்டருக்குத் துணையாக இருக்கிற டீக்கன் வேறு, பொய் சொன்னது தெரிந்தால் மானம் போகும்! வில்லடீனிடம் "எல்லாம் நார்மல் கண்ணு" என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினார். அவளும் சந்தோஷமாக ஊற்றினாள்.

சர்ச்சின் வருடாந்திர விருந்து வந்தது. மரத்தடியில் நீள மேசைகள், நடுவே வில்லடீனின் டீ டிரம். ராண்டல் அக்காவுக்காக ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தான். குடித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு புல்லில் சுருண்டான்.

"ஐயோ, டீ... அந்த டீயில என்னமோ இருக்கு!"

நூற்றிருபது பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். கிழவி ஒருத்தி துப்பியே விட்டாள். வில்லடீன் டிரம்மின் மேல் கைவைத்தபடி நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது வருடத்துப் பேர் அவள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

ராண்டல் உருண்ட உருளலை ஹாய்ட்டுக்குத் தெரியும். அது அவர் உருண்ட அதே உருளல். இதைத் தவிர்த்திருக்கலாமே என்ற நினைப்பு அவரைச் சுட்டது. கையிலிருந்த பைபிளைத் திறந்தார். வசனம் படிக்கப் போகிறார் என்று எல்லோரும் தலைகுனிந்தார்கள்.

"டீயில ஒண்ணும் இல்ல. அவனுக்குக் கல்லு. இந்தா ரிப்போர்ட்டு. பேரு என்னுது, மூத்திரம் அவனுது."

பாஸ்டர் மெதுவாகத் தலைநிமிர்ந்தார்.

"கீரைதான்டா மச்சான், பாதாம்தான்" என்றார் ஹாய்ட், அவன் பக்கத்தில் மண்டியிட்டு. "எனக்கு அப்பவே தெரியும். டீ போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். மன்னிச்சுக்கோ."

"பாதாமா?" ராண்டல் வலியிலும் நம்ப மறுத்தான். அவனை ஒரு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சட்டைப்பையில் இருந்த பாதாம் புல்லெல்லாம் சிதறிக் கிடந்தது.

டம்ளர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் டிரம் பக்கம் வந்தன. வில்லடீன் அவற்றைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"அப்போ உன்னோட அளவு என்ன?"

"தெரியாது."

"உள்ள இருக்கிற ரெண்டு கல்லு?"

"அப்படியேதான் இருக்கு."

"என் டீக்காகவா?"

"அதுக்காகத்தான் கண்ணு."

அவள் டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் டீ மண்ணில் ஓடியது, நூற்றிருபது பேர் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை ஓடியது. கல் வந்தபோதுகூட அழாத ஹாய்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வில்லடீன் ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து அவர் கையில் திணித்தாள்.

"குடி. நாளைக்குக் காலையில புதுக் கேன். கக்கூஸ் வாசல்லயே நாற்காலி போட்டு நான் உக்காந்திருப்பேன்."